குழியாடிக்கு ஒரு விசில்

எனக்கு அறிவியல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு யாரும் திருத்தம் எழுதி அனுப்ப வேண்டாம். நான் உடற்பயிற்சி ஆசிரியர். ஊரில் ட்ரில் மாஸ்டர் என்பார்கள். கபடி, கோ-கோ, வாலிபால் என்றால் என்னைக் கேட்கலாம். அப்படிப்பட்ட என்னை ஒரே வாரத்தில் மூன்று ஊர்களுக்கு, மூன்று அறிவியல் போட்டிகளுக்கு அனுப்பிவைத்தார் எங்கள் தலைமையாசிரியர். அறிவியல் வாத்தியாருக்கு மூலம் ஆபரேஷன். கணக்கு வாத்தியாருக்கு மைத்துனி கல்யாணம். மிச்சம் இருந்தது தமிழய்யாவும் நானும். தமிழய்யாவுக்கு பஸ் ஏறினால் வாந்தி வரும்.

ப்ளஸ் டூ வந்த புதிது அது. செக்கானூரணிக்கு மேற்கே இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு சரி. பக்கத்து ஊரில் ப்ளஸ் டூ உண்டு, ஆனால் அங்கே டைப்ரைட்டிங்கும் அக்கவுண்டன்சியும் மட்டும்தான். கணக்கும் பௌதிகமும் படிக்க மதுரைக்குத்தான் போக வேண்டும். பெண்பிள்ளை என்றால் ஹாஸ்டல் வேண்டும். எங்கள் பத்தாம் வகுப்புப் பேச்சி கணக்குப் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் அப்பா, ஹாஸ்டல் கிடைத்தால் அனுப்புகிறேன், தினமும் பஸ்ஸில் தொங்கவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மதுரையில் ஒரு பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை எங்கள் ஹெச்.எம்.முக்குத் தெரிந்தவர். ஹாஸ்டலில் ஒரே ஒரு இடம் பாக்கி இருக்கிறது, மூன்று போட்டிகளில் ஏதாவது ஒன்றில் முதலிடம் வாங்கிவரட்டும், தருகிறேன் என்றார் அந்த அம்மா.

ஆக, ஒரு இடம், மூன்று போட்டி, ஒரு பேச்சி. கூட்டுச் சேர்க்கைக்கு அவள் சிநேகிதி சரசு. சரசுவுக்கு டைப்ரைட்டிங்தான் ஆசை. மதுரையைப் பார்க்கலாம், வெளியில் சாப்பிடலாம் என்றுதான் வந்தாள். மூன்று பேரில் அவள் மட்டும் வாரம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

முதல் போட்டி டி. கல்லுப்பட்டியில், அறிவியல் கண்காட்சி. பேச்சியும் சரசுவும் செய்திருந்தது மிதித்தால் தண்ணீர் இறைக்கும் பம்பு. பழைய சைக்கிளின் பாதி, ஒரு தகர டின், நீளமான ரப்பர் குழாய். தூசி படாமல் இருக்க அதை நீளவாக்கில் வெள்ளை வேட்டியில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, ஆம்பளையா பொம்பளையா?"

"சைக்கிள்யா."

நம்பவில்லை. வேட்டியை விலக்கிச் சக்கரத்தைக் காட்டிய பிறகுதான் கூரையில் ஏற்ற விட்டான். அப்போதும் அதற்கு நேர் கீழே இருந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை. நாங்கள் மூவரும் அந்த வரிசை முழுவதிலும் கால் நீட்டிக்கொண்டு போனோம். திருமங்கலத்தில் பஸ் மாறும்போது, டீக்கடையில் நின்றிருந்த ஒரு பெரியவர் என் தோளைப் பார்த்துவிட்டுத் தன் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். திருத்தப் போனால் பஸ் போய்விடும் என்று நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தேன்.

கல்லுப்பட்டியில் கதர்ச்சட்டை போட்ட ஒருவர் எங்களை வரவேற்றுப் பானகம் கொடுத்தார். டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். உடம்புக்கு ஆகாது என்றார். உடம்பைப் பற்றி எனக்கே சொல்கிறார். மதியம் கேப்பைக் களியும் கீரைக் குழம்பும் போட்டார்கள். குழம்பை மட்டும் குறை சொல்ல முடியாது. சரசு மூன்று தரம் வாங்கினாள்.

கண்காட்சி என்ற பெயரில் நான் அங்கே பார்த்தது அலங்காரம். எங்கே திரும்பினாலும் தெர்மாகோல், ஜிகினா, பெயின்ட். நடுவர்கள் மூன்று பேர். ஒவ்வொரு மேஜை முன்னாலும் ஒரு சோடா குடிக்கிற நேரம்தான் நின்றார்கள். எங்கள் மேஜைக்கு வந்தார்கள். பேச்சி சன்னக் குரலில் விளக்கினாள். சரசு மிதித்தாள். அவள் களியின் பலத்தில் மிதித்தாள். தண்ணீர் ஏறியது, இன்னும் ஏறியது, குழாய் பிய்த்துக்கொண்டு தலைமை நடுவரின் சலவைச் சட்டையில் மார்பு முழுக்க அடித்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தாம்மா இறைக்குது" என்றார். அது ஒன்றுதான் அன்றைக்கு ஒரு நடுவர் பேசிய உருப்படியான பேச்சு.

முதல் பரிசு, கலர் சீரியல் பல்பு மாட்டிய தெர்மாகோல் கோபுரத்துக்கு. நான் நேரே போய், இதில் அறிவியல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பல்பு எரிகிறதே, மின்சாரம், என்றார் ஈரச்சட்டை. எங்களுக்கு ஆறுதல் பரிசு. ஆறுதல் பரிசு என்று ஒன்று கபடியில் கிடையாது. தோற்றவனுக்கு முழங்கால் சிராய்ப்புதான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு வருவான். திரும்பும்போது வேட்டியைக் கட்டாமல் சைக்கிளை அப்படியே தூக்கிவந்தேன். லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டார்கள்.

இரண்டாவது, மதுரையில் கணக்குத் தேர்வு. வைகைக்கு வடகரையில், செல்லூருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று. கண்காட்சியில் பார்க்க பல்பாவது இருந்தது. இதில் பார்க்க ஒன்றுமே இல்லை. பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்துத் திறப்பார்களாம். கோழி அடைகாப்பதைக்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். இதை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததற்கே ஒரு வாத்தியார் வந்து என்னை வேப்பமரத்தடிக்கு விரட்டினார்.

அங்கே கோவர்த்தனன் என்பவரைப் பார்த்தேன். செல்லூரில் பவர்லூம் வைத்திருக்கிறவர், சௌராஷ்டிரர். கதவு சாத்தும் முன்பு அவரும் அவர் மகனும் தங்கள் பாஷையில் போட்ட சத்தத்தைக் கேட்டு, அடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். அப்புறம் என்ன தகராறு என்று கேட்டேன்.

"தகராறா? பென்சில் சீவினியாடான்னு கேட்டேன். இன்னொரு தரம் கேட்டீங்கன்னா எழுதாம வீட்டுக்கு வந்துருவேன்னான். அம்புட்டுத்தான் சார்."

"அதுக்கு இம்புட்டுச் சத்தமா?"

"தறிக்குப் பக்கத்துல மெல்லப் பேசினா எவனுக்குக் கேக்கும்? எங்க வீட்டுல ரகசியம் பேசணும்னா கரண்டு போகணும்."

மனிதர் எனக்குப் பிடித்துப்போனார். தூக்குவாளி நிறையப் புளியோதரை கொண்டுவந்திருந்தார். பாதியை எனக்குத் தள்ளினார். எங்கள் வீட்டில் புளியோதரை என்று ஒன்று செய்வார்கள், அது புளிச்சோறு. இது வேறு. பதிலுக்கு என் வாழைப்பழத்தைக் கொடுத்தேன். மகன் பத்மநாபனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார், மரத்தில் இருந்த காக்காயெல்லாம் பறந்துபோகும்படி. நான் பேச்சியைப் பற்றியும் அந்த ஒரு இடத்தைப் பற்றியும் சொன்னேன். கிடைக்கும் சார், என் பையன் மட்டும் குறுக்கே வராமல் இருந்தால் கிடைக்கும் என்றார். பெருமையா, அனுதாபமா என்று பிரிக்க முடியவில்லை.

கதவைத் திறந்தார்கள். பேச்சி கண் சிவந்து வந்தாள். கேள்வித்தாளில் 'வட்டத்தின் நாண்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வட்டத்தின் நான்' என்று அச்சாகியிருந்தது. வட்டத்துக்குள் இருக்கிற இந்த நான் யார், எதற்காக அதன் நீளத்தைக் கேட்கிறார்கள் என்று இவள் அந்தக் கேள்வியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இங்கிலீஷில் எழுதியவர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. நான் உள்ளே போய்ச் சண்டை போட்டேன். அடுத்த வருஷம் திருத்திவிடுகிறோம் என்றார்கள். சாயங்காலம் பலகையில் ஒட்டிய முடிவில் பேச்சி நாலாவது. பத்மநாபன் இரண்டாவது. முதலாவதாக வந்த பையன் பாதி நேரத்தில் எழுதி முடித்துவிட்டு மேஜையில் தலைவைத்துத் தூங்கினானாம். அவனை நான் பாராட்டுகிறேன். அந்த மூன்று மணி நேரத்தில் செய்யத்தக்கது அது ஒன்றுதான்.

பஸ்ஸில் சரசு முறுக்கைக் கடித்தபடியே, "விடு பேச்சி, நாளப்பின்ன நானும் நீயும் ஒண்ணா டைப் அடிக்கலாம்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். பேச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாவது, பரவையில் வினாடி வினா. சனிக்கிழமை. திண்டுக்கல் ரோட்டு பஸ்ஸில் மனிதர்களைவிடக் கத்தரிக்காய் மூட்டைதான் அதிகம். ஒரு திருப்பத்தில் டிரைவர் பிரேக் போட, சரசு போய் ஒரு தக்காளிக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டாள். கூடைக்காரம்மா எழுந்து நின்று, "ஏத்தா, சந்தைக்குப் போறதுக்குள்ள நீயே ரசம் வச்சிட்டியே" என்று ஆரம்பித்து, பரவை வரும்வரை நிறுத்தவில்லை. இறங்கும்போது ஒரு கை தக்காளியை எடுத்து, நசுங்கினதை யார் வாங்குவார்கள் என்று சரசு மடியிலேயே போட்டுவிட்டுப் போனார்.

போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். ஜன்னலுக்கு நேர் எதிரே சந்தை. வெங்காய ஏலக்காரர் ஒரு மைக் வைத்திருந்தார். உள்ளே கேள்வி கேட்கிற பேராசிரியர் ஒரு மைக் வைத்திருந்தார். இரண்டு குரலும் மண்டபத்துக்குள் முட்டி மோதின. பேராசிரியர் மதுரையில் ஏதோ கல்லூரியில் பௌதிகம் எடுப்பவர், சஃபாரி சூட். பரிசு கொடுக்க வந்து மேடையில் உட்கார்ந்திருந்தவர் வேறு யாருமில்லை, அந்த ஹாஸ்டல் தலைமையாசிரியை அம்மாதான். பேச்சி அவரைப் பார்த்ததும் தாவணியை இழுத்து இழுத்துச் செருகினாள்.

இந்தப் போட்டியை மட்டும் நான் ஒத்துக்கொள்கிறேன். இது விளையாட்டு. ஆள் எதிரே ஆள் உட்கார்ந்திருக்கிறான். மணி இருக்கிறது. பாயிண்டைப் பலகையில் எழுதுகிறார்கள். இறுதியில் நாலு அணி, அணிக்கு இரண்டு பேர். கான்வென்ட் பெண்பிள்ளைகள் ஒன்று, பையன்கள் இரண்டு, அதில் ஒன்றில் பத்மநாபன், அப்புறம் நாங்கள். போகப்போகப் பேச்சியும் பத்மநாபனும் மட்டும் மேலே போனார்கள். பின்வரிசையில் கோவர்த்தனனும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு முனையைத் தட்டிக்கொண்டிருந்தோம். கடைசிக் கேள்வி பேச்சி அணிக்கு. இரண்டு அணியும் சமம். சொல்லிவிட்டால் முதலிடம்.

"பல் டாக்டர் வாய்க்குள்ள விட்டுப் பாக்கிறது என்ன ஆடி?"

பேச்சி எழுந்து சொன்னாள். வெளியே ஏலக்காரர் வெங்காயத்துக்குக் கத்தினார். பேராசிரியர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "குவியாடி, தப்பு" என்றார். கேள்வி பத்மநாபனுக்குப் போனது. அவன் தறிக்குரலில் குழியாடி என்றான். சரி என்றார். கோவர்த்தனன் துள்ளி எழுந்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். உள்பக்கம் குழிந்த கண்ணாடி குழியாடி. வெளிப்பக்கம் புடைத்தது குவியாடி. இரண்டும் நேர் எதிர். நடுவில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்து எங்கள் பக்கம் கிடையாது. மழையை மளை என்போம், பழத்தைப் பளம் என்போம். பேச்சி சொன்னது குளியாடி. இந்தப் பெயர்களை வைத்த புண்ணியவான் மதுரைப் பக்கம் வந்ததே இல்லை.

பேச்சி உட்காரவில்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினேன். மண்டபம் நின்றது. ஏலக்காரரும் நின்றுவிட்டார்.

"புரொடெஸ்ட்" என்றேன்.

"இது குவிஸ் சார், இதுல புரொடெஸ்ட் எல்லாம் கிடையாது."

"அந்தப் பிள்ள குளியாடின்னுதான் சொல்லுச்சு. நீங்க குவியாடின்னு கேட்டது உங்க காதுக் கோளாறு."

"குளின்னா குளிக்கிறது. பாத்ரூம்ல மாட்டுற கண்ணாடியா?" என்றார் பேராசிரியர். சிரித்தார்கள். எனக்கு இன்னும் ஏறியது.

"அப்ப நீங்க சரியாச் சொல்லிக் காட்டுங்க. மைக்குல சொல்லுங்க."

அவர் மைக்கைப் பக்கத்தில் இழுத்து, தொண்டையைச் செருமி, நிறுத்தி, நிதானமாகச் சொன்னார். "குளி ஆடி."

இந்தத் தரம் சிரிப்பு அவர்மேல் விழுந்தது. விழாச் செயலாளர் உதவிக்கு வந்தார். அவரும் குளியில் விழுந்தார். கான்வென்ட் பிள்ளை ஒன்று நாக்கை எங்கேயோ மடித்துக் 'குயி' என்றது. முன்வரிசையில் ஆளாளுக்கு முணுமுணுத்துப் பார்த்தார்கள். தமிழய்யா வந்திருந்தால் மானம் தப்பியிருக்கும், அவருக்குத்தான் வாந்தி. அந்த மண்டபத்தில் அந்த எழுத்தைச் சரியாகச் சொன்னது பத்மநாபன் ஒருவன். வீட்டில் வேறு பாஷை பேசுகிறவன்.

அவன் அப்பா கையைத் தட்டி அவனிடம் ஏதோ கத்தினார். அவன் பதிலுக்குக் கத்திவிட்டுப் பேராசிரியரிடம் திரும்பி, "அவங்க குளின்னுதான் சார் சொன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு" என்றான். கோவர்த்தனன் என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இரு என்றேன் என்றார். அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். அதைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

பேராசிரியர் அந்தக் கேள்வியை ரத்து செய்தார். அவரை மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். இரண்டு அணிக்கும் பொதுவாக ஒரு கேள்வி, யார் முதலில் மணி அடிக்கிறார்களோ அவர்களுக்கு என்றார். விடையில் அந்த எழுத்து இல்லாத கேள்வியாகப் பார்த்துத் தேட ஆரம்பித்தார். முதல் தாளை எடுத்தார், விடை அழுத்தம். வைத்துவிட்டார். அடுத்தது, சுழற்சி. அதையும் வைத்துவிட்டார். தாள்களைப் புரட்டிப் புரட்டிக் கடைசியில் விடை வெறும் எண்ணாக வருகிற ஒன்றைப் பிடித்தார். கிணற்றில் கல்லைப் போட்டால் இரண்டு விநாடியில் தண்ணீரைத் தொடுகிறது, தண்ணீர் எவ்வளவு ஆளத்தில் இருக்கிறது? ஆளம் என்றதும் மறுபடி சிரித்தார்கள். பேச்சி சிரிக்கவில்லை. பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு கை எழுந்தன. மணியில் விழுந்தது பத்மநாபனின் கை. பத்தொன்பது புள்ளி ஆறு மீட்டர் என்றான். சரி. பேச்சியின் தாளை அப்புறம் பார்த்தேன், அதிலும் அதே எண்தான் இருந்தது. ஆனால் கை முதலில் விழுந்தது அவனுடையது. நான் பார்த்தேன். சுத்தமான ஆட்டம். விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

பரிசெல்லாம் கொடுத்து முடிந்ததும் தலைமையாசிரியை அம்மா என்னைக் கூப்பிட்டார். பிள்ளை நன்றாகச் செய்தாள், ஆனால் முதலிடம் என்று சொல்லியிருந்தேன், இன்னும் இரண்டு ஊரில் இருந்து அந்த இடத்தைக் கேட்கிறார்கள், என் வாக்கை நானே எப்படி மாற்றுவது என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். எனக்கு நல்லபடியாகப் பேச வராது.

"ஏம்மா, பர்ஸ்ட் வந்தது அந்தப் பயதான். அவனை உங்க பொம்பளப் பிள்ளைக ஹாஸ்டல்ல சேத்துக்குவீங்களா?"

"அது எப்படிங்க முடியும்?"

"அப்ப அவனை எதுக்குக் கணக்குல எடுக்கிறீங்க? ஸ்போர்ட்ஸ் மீட்டுல ஆம்பளப் பிரிவு தனி, பொம்பளப் பிரிவு தனி. பயலுகளோட சேத்து ஓடவிட்டு, பிள்ளைகளுக்குச் செகண்டுனு எழுதுற மீட்டு எங்கயாச்சும் உண்டா? பொம்பளப் பிரிவுல இவதான் பர்ஸ்ட். அந்தக் கான்வென்ட்டுப் பிள்ளைகதான் செகண்டு."

அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பின்னால் கோவர்த்தனன் மண்டபமே கேட்கும்படி, "மாஸ்டர் சொல்றது ரூல்தானம்மா" என்றார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜூனில் பெட்டியோடு வரச் சொல்லுங்கள் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் சரசு தக்காளியைத் தின்றுகொண்டே வந்தாள். பேச்சி நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். இதை மறைப்பானேன். பாத்திமா காலேஜ், ஆரப்பாளையம் எல்லாம் தாண்டியும் நன்றி வரவில்லை.

"ஏத்தா, சீட்டுத்தான் கிடைச்சிருச்சுல்ல? மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?"

"நான் அவன்கிட்ட தோத்துட்டேன் சார். பொம்பளப் பிரிவுல ஜெயிச்சேன்னு ஊர்ல சொல்லிராதீங்க."

"பின்ன என்னன்னு சொல்ல?"

"ரெண்டாவது வந்தேன்னு சொல்லுங்க. சீட்டுக் கிடைச்சதுன்னும் சொல்லுங்க. ரெண்டையும் சேத்துச் சொல்லாதீங்க."

வாரம் முழுக்கச் சன்னக் குரலில் பேசிய பிள்ளை. இதை மட்டும் டிரைவருக்கே கேட்கும்படி சொன்னாள். அவளுக்காக ஊர் முன்னால் விசில் ஊதியவன் நான். கோபம் வந்தது. யோசித்தால், என் கபடிப் பயல்களில் ஒருவன்கூட இப்படிப் பேசியதில்லை. ஓசியில் ஒரு பாயிண்ட் கிடைத்தால் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொள்வான்கள்.

பள்ளிக்கூட வாசலில் ஹெச்.எம். காத்திருந்தார். பேச்சியின் அப்பாவும் நின்றிருந்தார். என்னய்யா ஆச்சு என்று கேட்டார் ஹெச்.எம்.

"ரெண்டாவது" என்றேன். பேச்சியின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மூச்சு விட்டுவிட்டு, "சீட்டுக் கிடைச்சிருச்சு" என்றேன்.

"பர்ஸ்ட் வந்தாத்தான்னு சொன்னாங்க? அப்புறம் எப்படிக் கிடைச்சது?"

பேச்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், எனக்குப் பசிக்குது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.